பருந்துகளை எண்ணுவோர்

பங்குனி மாதம் முடிவதற்குள் மட்டக்களப்பு வாவியின் மேலே ஆண்டுதோறும் ஒரு பிரிவு நிகழ்கின்றது. ஓசையின்றி நிகழ்வதால் அதனைக் கவனிப்போர் சிலரே. மாரி தொடங்கும் காலத்தில் வடதிசையிலிருந்து வந்து, மழைமாதங்களை வாவியிலும் வயலிலும் இரைதேடிக் கழித்த வேட்டைப் பறவைகள், வெயில் ஏறத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுச் சென்று விடுகின்றன. நேற்று வரை நீரில் நாட்டிய கம்பின் உச்சியிலே அமர்ந்து மீனுக்குக் காத்திருந்த பறவையை இன்று காணவில்லை. அஃது எந்நாளில் சென்றது என்று கேட்டால், கரையிலே வாழ்வோருள்ளும் விடை கூறவல்லார் அரியர்.

எத்தனை பறவைகள் வந்தன, எத்தனை திரும்பின, சென்ற ஆண்டினும் கூடினவா, குறைந்தனவா என்னும் வினாக்கள் மிக எளியன போலத் தோன்றும். ஆயினும் அவற்றுக்கு விடை காண்பதற்காக, ஊதியம் யாதும் பெறாத பல்லாயிரம் மக்கள் உலகின் பல பாகங்களிலே வெயிலில் நின்று வானத்தை நோக்கிக் கணக்கெழுதி வருகின்றனர். அவ்வாறு எழுதப்படும் எண்களால் விளையும் பயன் யாது, அப்பணியில் மட்டக்களப்பு நாட்டுக்குரிய இடம் யாது என்பனவற்றைக் காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில் இடத்தைச் சிறிது நினைவு கூர்தல் நன்று. மட்டக்களப்பு வாவி கடற்கரையை ஒட்டி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் குளமும் காடுமாய்ப் பரந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். பாலமீன்மடு அருகிலும் கல்லாறு அருகிலும் வாவி கடலோடு கலக்கின்றது. கோடையிலே மணல்மேடு அவ்வாய்களை அடைக்கும். மாரி வெள்ளம் பெருகும்போது அவை திறக்கும். இங்ஙனம் உவர்நீரும் நன்னீரும் மாறி மாறிக் கலப்பதனால் மீனும் இறாலும் நண்டும் பெருகுகின்றன. கண்டல் மரங்களின் வேர்களிடையே மீன்குஞ்சுகள் வளர்கின்றன. மீன் உள்ள இடத்தை நாடி நீர்ப்பறவை வருகின்றது. அவ்விரண்டையும் நாடி வேட்டைப் பறவை வருகின்றது.

வளைந்த அலகும் கூரிய உகிரும் கொண்டு, உயிருள்ள இரையைப் பற்றி உண்ணும் பருந்து, கழுகு, வல்லூறு முதலியவற்றையே இங்கு வேட்டைப் பறவைகள் என்கிறோம். வாவிப் பகுதியிலே இவை இருவகைப்படும். செம்மேனியும் வெண்டலையும் உடைய செம்பருந்து, வெண்மையான வயிறுடைய கடற்கழுகு, வீட்டுக் கோழிக்குஞ்சுக்குப் பகையான வல்லூறு ஆகியன இந்நாட்டிலேயே கூடு கட்டி, ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்வன. விரால் அடிப்பான், பூனைப்பருந்துகள், வடதுருவத்தை அடுத்த நிலங்களிலிருந்து வரும் பைரி ஆகியனவோ விருந்தினர். இவற்றை வலசைப் பறவைகள் என்பர்.

விரால் அடிப்பான் என்னும் பெயரே அதன் தொழிலைக் கூறிவிடுகின்றது. நீருக்கு மேலே உயரத்தில் வட்டமிட்டு, மீனைக் கண்டதும் கால்களை முன்னே நீட்டி நீருள் பாய்ந்து பற்றும். வழுக்கும் மீன் நழுவாதவாறு அதன் பாதங்களின் அடியிலே முட்போன்ற சிறு முனைகள் அமைந்துள்ளன. முன்னோக்கிய விரல்களுள் ஒன்றைப் பின்னோக்கித் திருப்பவும் அதற்கு இயலும். பிடித்த மீனைத் தலை முன்னாக வைத்துத் தூக்கிச் செல்வதனால் காற்றின் தடை குறைகின்றது. இத்துணைத் திறமையான மீன்வேட்டைக்காரன் இலங்கையிலே கூடு கட்டுவதில்லை. பூனைப்பருந்துகளுள் வெளிறிய நிறமுடைய ஓரினம் கசக்கஸ்தான், தென் உருசியா ஆகிய நாடுகளின் புல்வெளிகளிலே தரையிற் கூடமைத்துக் குஞ்சு பொரிக்கின்றது. படுவான்கரை வயல்களின் மேலே தாழ்ந்து பறந்து எலியும் தவளையும் தேடும் அப்பறவைக்கு, அப்புல்வெளியும் இவ்வயலும் ஒரே வாழ்வின் இரு பாதிகளாகும்.

ஏன் இவை இவ்வளவு தொலைவு வரவேண்டும்? வடநாட்டுக் கோடையிலே பகற்பொழுது நீளும், இரை பெருகும், குஞ்சுகளை வளர்த்தல் எளிது. குளிர்காலம் வந்ததும் நீர்நிலைகள் உறைந்து, நிலம் பனியால் மூடப்படும். அப்பொழுது இரை கிட்டாது. ஆகவே அவை தெற்கே வருகின்றன. ஆசியப் பெருநிலத்திலிருந்து தெற்கு நோக்கி வரும் பறவைகளுக்கு இலங்கையே வழியின் முடிவு. அதற்கப்பால் தென்துருவம் வரையும் பெருங்கடலே. எனவே இலங்கைக்கு வருபவற்றுள் மிகப் பலவற்றுக்கு இது தங்கிச் செல்லும் சத்திரமன்று, பயணத்தின் முடிவிடம்.

பறவைகள் வடக்கும் தெற்குமாகப் பயணம் செய்வதைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். குமரிக் கடற்றுறையிலிருந்து வடமலை நோக்கிச் செல்லும் அன்னத்தைப் பிசிராந்தையார் விளித்துப் பாடிய பாட்டு புறநானூற்றிலே உண்டு. வழி இன்னது என்பதைப் புலவர் அறிந்தனர். எத்தனை பறவைகள் அவ்வழியே சென்றன என்று எண்ணி வைத்தவர் எவருமிலர். அக்குறை தமிழருக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் அண்மைக்காலம் வரை இருந்த குறையே ஆகும்.

எண்ணுதல் ஏன் அரிது என்பதையும் அறிதல் வேண்டும். கொக்கும் வாத்தும் நீர்நிலைகளிலே கூட்டமாக நிற்கும். வேட்டைப் பறவையோ பெரும்பாலும் தனித்து வாழும். பல சதுர மைல் பரப்பிலே ஒன்றோ இரண்டோதான் இருக்கும். காடு காடாகத் தேடி அவற்றை எண்ணி முடித்தல் இயலாது. ஆனால் வலசை போகும் காலத்திலே இயற்கையே அவற்றை ஓரிடத்திற் கூட்டித் தருகின்றது. அதற்குக் காரணம் காற்று.

வெயிலால் நிலம் சூடேறும்போது அதன் மேலுள்ள காற்றும் சூடாகி மேலெழும். அகன்ற சிறகுடைய கழுகும் பருந்தும் அவ்வெழுகாற்றிலே சிறகை விரித்தபடி வட்டமிட்டு, அசைவின்றியே மிக உயரத்துக்கு ஏறும். பின்னர் அங்கிருந்து சறுக்கி அடுத்த எழுகாற்றை அடையும். இம்முறையால் நெடுந்தூரப் பயணத்துக்கும் சிறிதளவு வலிமையே செலவாகின்றது. கடலின் மேலோ இத்தகைய எழுகாற்று நிலத்தின் மேலிருப்பது போல் அமைவதில்லை. ஆதலால் அகன்ற சிறகுடையவை பரந்த கடலைத் தவிர்த்து, நிலத்தின் வழியே வந்து, கடல் எங்கே மிகக் குறுகியுள்ளதோ அங்கே கடக்கும். விரால் அடிப்பான், பூனைப்பருந்து, பைரி முதலியன சிறகடித்துப் பறக்கும் ஆற்றல் மிக்கவை; ஆகையால் அவை கடலுக்கு அத்துணை அஞ்சுவதில்லை. கடலிடுக்கிலும் மலைத்தொடரின் முனையிலும் பறவைகள் திரளும் இத்தகைய இடங்களே எண்ணுவோரின் காவற்கோபுரங்கள்.

தமிழ் மக்கள் பல தலைமுறையாக வாழும் மலேசிய நாட்டிலே அத்தகைய ஓரிடம் உண்டு. போர்ட் டிக்சன் நகரத்துக்கு அணித்தேயுள்ள தஞ்சோங் துவான் என்னும் முனை மலாக்கா நீரிணையை நோக்கி நிற்கின்றது. அங்கிருந்து எதிர்க்கரையான சுமாத்திராப் பக்கத்து நிலம் ஏறத்தாழ 38 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. மாசி, பங்குனி மாதங்களிலே, தெற்கே குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள் ஆயிரக்கணக்கில் அந்நீரிணையைக் கடந்து இம்முனையிலே கரையேறுகின்றன. குளவிக் கூடுகளையும் தேனடைகளையும் பிரித்துப் புழுக்களை உண்ணும் இப்பறவைகள் அங்கிருந்து வடக்கே சென்று சீனம், யப்பான், சைபீரியா ஆகிய நாடுகளிலே கூடு கட்டுகின்றன. மலேசிய இயற்கைக் கழகத்தினர் 2000 ஆம் ஆண்டு முதல் இம்முனையிலே பருந்து நோக்கும் விழா ஒன்றை நடத்தி வருகின்றனர். ஆசிரியர், மாணவர், எழுதுவினைஞர், ஓய்வு பெற்றோர் எனப் பலரும் கலங்கரை விளக்கத்தருகே நின்று நீரிணையை நோக்குவர். கடலைக் கடந்து களைத்த பறவைகள் மரமுடிகளைத் தொடுமளவு தாழ்ந்து வருவதும், கரை வெப்பத்தால் எழும் காற்றைப் பற்றியதும் மீண்டும் வட்டமிட்டு உயர்வதும் காண்போர் உள்ளத்தைக் கவரும் காட்சியாகும்.

ஆயினும் காட்சி வேறு, கணக்கு வேறு. கணக்கெடுப்போர் சில விதிகளைக் கண்டிப்பாகக் கைக்கொள்வர். ஒருவர் தொலைநோக்குக் கண்ணாடியால் வானத்தைப் பகுதி பகுதியாக நோக்க, மற்றொருவர் ஏட்டில் எழுதுவார். எழுகாற்றிலே சுழலும்போது பறவைகளை எண்ணுதல் கூடாது. ஒரே பறவை இருமுறை எண்ணப்படக்கூடும். சுழலின் உச்சியை அடைந்து அவை ஒழுங்காகச் சறுக்கிச் செல்லும்போதே எண்ணுதல் வேண்டும். உயரத்திலே நிறம் தெரியாது. ஆகையால் சிறகின் அகலம், வாலின் நீளம், சிறகடிக்கும் முறை ஆகியவற்றால் இனத்தை அறிவர். அறிய இயலாததை இனம் தெரியாதது என்றே எழுதுவரன்றி, ஊகித்து ஒரு பெயரிட மாட்டார். எத்தனை மணி நேரம் நோக்கினர், காற்று எத்திசையிலிருந்து வீசியது, மேகம் எவ்வளவு என்பனவும் குறிக்கப்படும். நான்கு மணி நேரம் நின்றும் ஒரு பறவையும் வராவிடின், அந்நாளுக்குச் சுழியம் என்று எழுதுவர். அவ்வாறு எழுதிய சுழியமும் ஆயிரம் என்னும் எண்ணுக்கு ஒப்பான மதிப்புடையது. பறவை வராத நாள் எது, பார்ப்பார் வராத நாள் எது என்பதைப் பிற்காலத்தார் அதனாலன்றி எவ்வாறு பிரித்தறிவர்?

இளவேனிற் கணக்குக்குத் தனியான ஒரு சிறப்பும் உண்டு. வடக்கிலிருந்து தெற்கே வரும் கூட்டத்திலே அவ்வாண்டு பிறந்த இளம்பறவைகள் மிகுதி. பயணத்தின் இடர்களாலும் அந்நிய நிலத்தின் இன்னல்களாலும் அவற்றுட் பல மடியும். திரும்பிச் செல்லும் கூட்டமோ அவ்விடர்களைக் கடந்து எஞ்சியது. அக்கூட்டத்தின் பெரும்பகுதியே அடுத்த தலைமுறைக்கு முட்டையிடும். வரும்போது எண்ணுதல் சென்ற கோடையின் விளைச்சலை அறிவிப்பதாயின், போகும்போது எண்ணுதல் அடுத்த விளைச்சலுக்கான விதைநெல்லை அளப்பதாகும்.

இத்தகைய கணக்கின் பயனை உலகுக்கு உணர்த்திய இடம் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஒரு மலைமுகடு. அம்முகட்டின் வழியே இலையுதிர் காலத்திலே பருந்துகள் திரளாகச் செல்லும். கோழிக்கும் வேட்டைப் பிராணிக்கும் பகை எனக் கருதி, மக்கள் அங்கே துப்பாக்கியுடன் சென்று அவற்றைச் சுட்டு வீழ்த்துவது வழக்கமாயிருந்தது. 1934 ஆம் ஆண்டிலே றோசலி எட்ஜ் என்னும் அம்மையார் அம்மலையைக் குத்தகைக்கு எடுத்து, மொறிஸ் புறூண் என்பவரைக் காவலராக நியமித்தார். சுடுதல் நின்றது. அவ்வாண்டிலேயே புறூண் கடந்து செல்லும் பறவைகளை நாள்தோறும் எண்ணத் தொடங்கினார். அன்று அதனால் யாது பயன் என்று கேட்டிருப்பின், தெளிவான விடை கூற எவராலும் இயன்றிராது.

விடை இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தது. 1935 முதல் 1939 வரை அம்முகட்டைக் கடந்த வெண்டலைக் கழுகுகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 இளம்பறவைகள். 1955 முதல் 1959 வரையான காலத்திலே அது நூற்றுக்கு 20 ஆகக் குறைந்தது. கழுகுகள் இன்னமும் பறந்துகொண்டிருந்தன. ஆனால் அவற்றின் கூடுகளிலே குஞ்சுகள் இல்லை. 1962 ஆம் ஆண்டிலே றேச்சல் கார்சன் அம்மையார் கிருமிநாசினிகளின் தீமையை எடுத்துக்காட்டி எழுதிய புகழ்பெற்ற நூலிலே, புறூணின் இக்கணக்கும் ஒரு சான்றாக இடம்பெற்றது.

பிரித்தானியாவிலே நிகழ்ந்ததும் கருதத்தக்கது. 1960 ஆம் ஆண்டளவிலே, பந்தயப் புறா வளர்ப்போர், பைரிகள் பெருகித் தங்கள் புறாக்களைக் கொன்று தீர்க்கின்றன என்றும், அவற்றுக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பை நீக்கவேண்டும் என்றும் அரசாங்கத்திடம் முறையிட்டனர். உண்மையை அறியும்பொருட்டு டெரிக் றற்கிளிவ் என்னும் இயற்கையறிஞரின் தலைமையில், 1961, 1962 ஆம் ஆண்டுகளிலே தொண்டர்கள் நாடெங்குமுள்ள பாறைமுகடுகளிற் பைரியின் கூடுகளைத் தேடி எண்ணினர். பைரி பெருகவில்லை என்றும், பல மாவட்டங்களிலே அடியோடு அற்றுப் போய்விட்டது என்றும் அக்கணக்கு காட்டிற்று. எண்ணாமல் முறையீட்டை மட்டும் நம்பி அரசாங்கம் செயற்பட்டிருக்குமாயின், எஞ்சிய பறவைகளும் சட்டத்தின் துணையோடே அழிந்திருக்கும்.

பின்னர் காரணமும் வெளிப்பட்டது. அரும்பொருட்சாலைகளிலே சேர்த்து வைக்கப்பட்டிருந்த பழைய முட்டையோடுகளோடு புதியவற்றை ஒப்பிட்ட றற்கிளிவ், 1947 ஆம் ஆண்டளவிலிருந்து ஓடுகள் மெலிந்துவிட்டதை 1967 ஆம் ஆண்டிலே வெளியிட்டார். டி.டி.ரி. என்னும் கிருமிநாசினி பெருவழக்கிற்கு வந்த காலமும் அதுவே. அம்மருந்து நீரிற் கலந்து நுண்ணுயிர்களிற் படியும். அவற்றைச் சிறுமீன் உண்ணும். சிறுமீனைப் பெருமீன் உண்ணும். பெருமீனை விரால் அடிப்பான் உண்ணும். படிக்குப் படி நஞ்சு செறிந்து, உச்சியிலுள்ள பறவையின் உடலிலே மிகுதியாகச் சேரும். அதனால் முட்டையோட்டிற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துச் சரியாகப் படிவதில்லை. அடைகாக்கும் தாயின் பாரத்தைத் தாங்காது ஓடு உடைந்துவிடும். ஐக்கிய அமெரிக்கா 1972 ஆம் ஆண்டிலே அம்மருந்தின் பயிர்ச்செய்கைப் பயன்பாட்டைத் தடை செய்தபின், கழுகும் பைரியும் விரால் அடிப்பானும் படிப்படியாக மீண்டும் பெருகின. பெருகியதை அறிவித்ததும் அதே கணக்கேடுகள்தாம்.

இவ்விடத்திலே நீதி வழுவாது மற்றொன்றையும் கூறவேண்டும். அதே டி.டி.ரி. இலங்கைக்கு உயிர்காத்த மருந்தாகவும் விளங்கிற்று. 1946 ஆம் ஆண்டிலே இந்நாட்டில் மலேரியாக் காய்ச்சல் கண்டோர் ஏறத்தாழ 28 இலட்சம். வீடுகளின் சுவர்களிலே அம்மருந்தைத் தெளித்தமையாலும் மற்றை முயற்சிகளாலும் 1963 ஆம் ஆண்டிலே அத்தொகை இருபதுக்கும் கீழே இறங்கிற்று. வெற்றி கிட்டியதென எண்ணித் தெளிப்பை நிறுத்தி, காவலையும் தளர்த்தியதன் பின், அப்பத்தாண்டு முடியுமுன் நோய் மீண்டும் பரவி இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. மீண்டும் பல ஆண்டுகள் ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கணக்கிட்டுப் பணியாற்றியதன் பயனாக, 2016 ஆம் ஆண்டிலே இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார தாபனம் சான்று வழங்கிற்று. ஒரு மருந்து எங்கே நன்மை, எங்கே தீமை என்பதை ஆரவாரப் பேச்சால் அறிய முடியாது. காய்ச்சலாயினும் கழுகாயினும், இடைவிடாது எண்ணி வருவோரே அதனைக் கூற வல்லார்.

அண்டை நாடான இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளின் வரலாறு இன்னும் துயரமானது. 1990 ஆம் ஆண்டுகளிலே அவை விரைந்து குறையலாயின. பரத்பூர்ப் பறவைக் காப்பகத்திலே கூடுகளை ஆண்டுதோறும் எண்ணி வைத்திருந்தமையால், முன்னைய நிலையோடு ஒப்பிட்டு வீழ்ச்சியை உணர இயன்றது. வெண்முதுகுக் கழுகு என்னும் இனம் 1992 க்கும் 2007 க்கும் இடையிலே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலாக அழிந்துவிட்டது. மாடுகளுக்கு நோவாற்றக் கொடுத்த டைக்குளோபெனாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடல்வழியே கழுகின் சிறுநீரகத்தை அழித்தமையே காரணமென்று பாக்கிஸ்தானிலே நிகழ்ந்த ஆராய்ச்சி 2004 ஆம் ஆண்டிலே நிறுவியது. 2006 ஆம் ஆண்டிலே இந்தியாவில் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துதல் தடுக்கப்பட்டது. முன்னரே கணக்கு இல்லாதிருந்தால், அப்பறவைகள் ஒருகாலத்தில் இலட்சக்கணக்கில் இருந்தன என்பதையும் இளந்தலைமுறையினர் பாட்டன் கதையாகவே கேட்டிருப்பர்.

இனி மட்டக்களப்பிற்கு மீள்வோம். தஞ்சோங் துவானைப் போன்று பருந்துகள் திரண்டு செல்லும் குறுகிய வாயில் இவ்வாவியன்று. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கடல் குறுகியிருப்பது வடமேற்கே, தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவிலேயாம். கிழக்குக் கரையிலே பறவைகள் பரந்து வாழ்ந்து, பரந்தே பிரிகின்றன. ஆகையால் இங்குள்ள கணக்கு வேறு வகையானது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்னும் பணி 1987 ஆம் ஆண்டிலே தொடங்கி, தைமாதத்தை ஒட்டி ஆண்டுதோறும் பல நாடுகளில் ஒரே காலத்தில் நடைபெறுகின்றது. 1943 ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்ற இலங்கைப் பறவைக் கழகம் இந்நாட்டிலே அதனை ஒழுங்கு செய்து வந்துள்ளது. தைமாதத்திலே வலசைப் பறவைகள் இடம்விட்டு இடம் பெயராது தங்கியிருப்பதனால் அக்காலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கொக்கு, நாரை, வாத்து, உள்ளான் ஆகியவற்றோடு, நீர்நிலைகளை அண்டி வாழும் வேட்டைப் பறவைகளையும் அக்கணக்கிலே சேர்ப்பர். ஆகவே விரால் அடிப்பானுக்கும் சேற்று நிலத்துப் பூனைப்பருந்துக்கும் கடற்கழுகுக்கும் அந்தப் பட்டியலிலே ஓரிடம் உண்டு.

ஆனால் அந்த ஏட்டிலே வெறுமையான பக்கங்கள் பல உள்ளன. 2009 ஆம் ஆண்டிலே முடிவுற்ற போர்க்காலம் முழுவதிலும் வடக்கிலும் கிழக்கிலுமுள்ள பல நீர்நிலைகளை அணுகுதல் அரிதாயிருந்தது. மனிதர் உயிருக்கே உறுதியில்லாத நாட்களிலே பறவையை எண்ணுவார் யார்? அதனை எவரும் குறைகூற இயலாது. அமெரிக்க மலைமுகட்டுக் கணக்கிலும் 1943 முதல் 1945 வரை மூன்றாண்டுப் பக்கங்கள் வெறுமையாயுள்ளன; உலகப் போரே அதற்குக் காரணம். ஆயினும் அங்கே இழந்தது மூன்று ஆண்டு. இங்கே ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம். அக்காலத்திலே வாவிக்கரைக் கண்டற்காடுகள் பல இடங்களிலே அழிந்தன. இறால் வளர்ப்புக் குளங்கள் தோன்றின. வயல்களிலே கிருமிநாசினியும் களைநாசினியும் பெருகின. 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கரையோரத்தையே உருமாற்றியது. இவற்றால் வேட்டைப் பறவைகளுக்கு நேர்ந்தது யாது என்று இன்று கேட்டால், முதியோர் நினைவைத் தவிர ஒப்பிட்டுப் பார்க்க வரிசையான எண்கள் இல்லை. சென்ற ஆண்டை இனி எவராலும் எண்ண முடியாது. கணக்கெடுக்காத ஆண்டு எக்காலமும் கணக்கற்ற ஆண்டே.

இந்த ஆண்டையும் அடுத்த ஆண்டையும் அவ்வாறு இழக்காதிருத்தல் இயலும். அதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலே 2015 ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பொதுமக்களும் மாணவரும் தத்தம் ஊர்ப் பறவைகளை எண்ணி, இணையவழிப் பதிவேட்டிலே சேர்த்து வருகின்றனர். அவருட் பலர் விலங்கியல் கற்றவரல்லர். வாவியின் இரு கரைகளிலும் பாடசாலைகள் பல உண்டு. ஒவ்வொரு பாடசாலையும் தன் அருகிலுள்ள ஓரிடத்தைத் தெரிந்து, வாரத்தில் ஒரு நாள், குறித்த ஒரு மணி நேரம், ஐப்பசி முதல் சித்திரை வரை அங்கே காணும் வேட்டைப் பறவைகளைக் குறித்து வரலாம். முதன்முறை கண்ட நாளும் இறுதியாகக் கண்ட நாளும் தவறாது எழுதப்படவேண்டும். ஐயமுள்ளதை ஐயம் என்றும், காணாததைச் சுழியம் என்றும் எழுதும் நேர்மையே இதற்கு வேண்டிய முதன்மையான கருவி.

விடியுமுன் தோணியேறி வாவியில் வலைவீசும் மீனவரின் துணை இதற்கு இன்றியமையாதது. எந்தக் கம்பிலே எந்தப் பறவை அமரும், எந்தக் காற்றுக்கு அது வரும், எந்நாளில் மறையும் என்பதை அவர்கள் நன்கறிவர். அவ்வறிவு அவர்களோடு மறையாது ஏட்டிலே ஏறுதல் வேண்டும். வாவியில் மீன் குறையுங்கால் பறவையே காரணம் என்று சொல்லத் தோன்றுதல் இயல்பு. பிரித்தானியப் புறா வளர்ப்போரும் அவ்வாறே சொன்னார்கள். மீனுண்ணும் பறவையும் மீனோடு சேர்ந்து குறைகின்றதாயின், இருவருக்கும் பொதுவான ஒரு கேடு நீரிலே புகுந்துள்ளது என்பதே பொருள். அதனை மீனவருக்கு முன்கூட்டி அறிவிக்கும் தூதன் அப்பறவையே.

ஓர் ஆண்டுக் கணக்கு ஒன்றையும் மெய்ப்பிக்காது. மழை மிகுந்த ஆண்டில் பறவைகள் பரந்து போகும். வரட்சியில் ஓரிடத்தில் குவியும். ஐந்து ஆண்டுக் கணக்கு ஒரு குறிப்பைக் காட்டலாம். இருபது ஆண்டுக் கணக்கு வழக்காடு மன்றத்திலும் சான்றாக நிற்கும். இன்று குறிப்பெழுதத் தொடங்கும் சிறுவன் தன் நடுவயதிலேதான் அதன் பயனைக் காண்பான். தென்னை நடுவோரும் அவ்வாறே நடுகின்றனர்.

வரும் பங்குனியிலும் விரால் அடிப்பான் ஒருநாள் வாவிக் கம்பைவிட்டு எழுந்து வடக்கே செல்லும். அந்நாள் எதுவென்பது கல்லடியிலோ களுவாஞ்சிகுடியிலோ ஒரு பாடசாலைக் குறிப்பேட்டிலே, மாணவர் ஒருவரின் கையெழுத்தில், நாளும் நேரமும் காற்றின் திசையும் சேர்த்துப் பதிவாகுமாயின், மட்டக்களப்பின் விடுபட்ட கணக்கு அங்கிருந்து மீண்டும் தொடங்கும்.